எந்த நுயென்?

எங்கள் பள்ளிக்கூடத்தில் நின்று நுயென் என்று கூப்பிட்டால் பாதி வராந்தா திரும்பிப் பார்க்கும். வியட்நாம்காரர்கள் பலருக்கு அதுதான் குடும்பப் பெயர், கலிபோர்னியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் இதே நிலைமைதான். வருகைப் பதிவு அறையில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிற எனக்கு இது பழகிவிட்டது. இந்தப் பெயரால் ஒரு மனிதர் பட்ட பாட்டைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்த பிறகுதான், இதில் சிரிக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

அவர் டோவன் லியெம். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கிற ஆலோசகர். எனக்கு அண்ணன் முறை எதுவும் கிடையாது, ஆனாலும் ஆரம்பத்திலிருந்தே அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் சிறு வயதில் வியட்நாமிலிருந்து அகதியாகப் படகில் கிளம்பி, மலேசியத் தீவு முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுக் கலிபோர்னியா வந்து சேர்ந்த குடும்பம். இதே பள்ளியில்தான் படித்தார். அவர் படித்த காலத்தில் ஆலோசகராக இருந்த வெள்ளைக்காரர் இவரைக் கூப்பிட்டு, வியட்நாம் பிள்ளைகளுக்கு விரல் நன்றாக ஓடும், ரேடியோ பாகங்கள் சேர்க்கிற ஆலையில் இடம் இருக்கிறது, போகிறாயா என்று கேட்டாராம். நல்லெண்ணத்தோடுதான் கேட்டார் என்பார் அண்ணன். அதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை. லாங் பீச்சில் அரசுக் கல்லூரியில் கணிதம் படித்து, பத்துப் பன்னிரண்டு வருஷம் இங்கே கணக்கு நடத்திவிட்டு, ஆலோசகர் நாற்காலி காலியானதும் கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு, கல்லூரி விண்ணப்பம் எழுதுகிற இலையுதிர் காலம் வந்தாலே தலைவலி. எங்கள் பிள்ளைகளில் பாதி வியட்நாம், மீதியில் பெரும்பாலும் மெக்ஸிகோ. வசதியுள்ள வியட்நாம் பெற்றோர் பக்கத்து ஊர் இர்வைனில் காசு கொடுத்து ஒரு ஆலோசனைக் கடைக்குப் போவார்கள். அங்கே, பிள்ளை ஆசியர் என்பது தெரியாத மாதிரி விண்ணப்பம் எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள். ஆசியப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே அச்சு என்று கல்லூரிகள் ஒதுக்கும் என்பது அவர்கள் கணக்கு. பியானோவைச் சொல்லாதே, கணக்கு மன்றத்தைச் சொல்லாதே, டாக்டர் ஆகணும்னு மறந்தும் எழுதாதே, தாத்தா படகில் வந்த கதை வேண்டாம், எல்லாரும் எழுதுகிறார்கள். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டு அண்ணன் அறைக்கு வந்து, சார், வேறே என்னதான் நான் எழுதறது என்று விழிப்பார்கள்.

"பியானோ கிளாசுக்குப் போகலைன்னு வீட்டுல அடிச்சாங்க," என்றார் அண்ணன் ஒரு நாள் என்னிடம். "இப்போ பியானோ தெரியும்னு சொன்னா அடிக்கறாங்க. இந்தப் பசங்க பாவம் என்னதான் செய்யும், டாவ்?"

டாவ் என்பது நான். காபியை நீட்டினேன்.

அந்த வருஷம் அவரிடம் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி நுயென் ஹான். அவள் அப்பா துவான் போல்சா சாலையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். அம்மா நகச்சாயக் கடையில் வேலை. ஹான் வராந்தாவில் வருகிறாள் என்றால் நான் கதவைச் சாத்திவிட்டுத்தான் தொலைபேசியில் பேச முடியும், அவ்வளவு சத்தம். பின்னிசை போட்டுப் பாடுகிற கரோக்கே பெட்டிகளைப் பழுது பார்ப்பாள். எங்கள் ஆட்கள் வீட்டில் அரிசி இல்லாமல்கூட இருப்பார்கள், கரோக்கே இல்லாமல் இருக்க மாட்டார்கள், அதனால் அவளுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கூட்டாளி இட்செல் பராகான். இட்செலின் அம்மா மரிசெலா எங்கள் பள்ளி உணவகத்தில் பரிமாறுகிறவள், அப்பா தரைக்கு ஓடு பதிக்கிறவர். அந்த அப்பாவின் வண்டியில் ஒலிபெருக்கிகளை ஏற்றிக்கொண்டு இரண்டு பெண்களும் வியட்நாம் கல்யாணம், மெக்ஸிக்கப் பெண்களின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா என்று சனிக்கிழமை தவறாமல் சுற்றுவார்கள். ஹானுக்குக் கணக்கில் மதிப்பெண் கொஞ்சம் அதிகம். இட்செல் எழுதினால் படிக்கிறவர்கள் கீழே வைக்கமாட்டார்கள்.

கிழக்குக் கரையில் உள்ள ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு இருவருமே விண்ணப்பித்தார்கள். பெயர் வேண்டாம், சொன்னால் எல்லாருக்கும் தெரியும். மார்ச் கடைசியில் முடிவு வந்தது. இட்செலுக்கு இடம் கிடைத்தது. ஹானுக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலையில் துவான் நேராக மீன் கடையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றார். வாத்தியார் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற தலைமுறை அவர். அன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார், குரல் மட்டும் கட்டுப்படவில்லை.

"சார், என் பொண்ணு மார்க் ஜாஸ்தியா, அந்தப் பொண்ணு மார்க் ஜாஸ்தியா?"

"கணக்குல ஹான் ஜாஸ்தி."

"அப்போ என் பொண்ணு சீட்டை அந்தப் பொண்ணு எடுத்துக்கிச்சு. மெக்ஸிக்கோன்னு கொடுத்திருக்காங்க. எங்களுக்கு யாரு சார் கொடுத்தாங்க? நானும் ஒண்ணுமில்லாமத்தானே வந்தேன்?"

அது ஹானின் சீட்டு என்று எங்கேயும் எழுதி ஒட்டியிருக்கவில்லை என்று அண்ணன் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஆயிரக்கணக்கில் விண்ணப்பம், இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்து யாரும் தராசில் நிறுக்கவில்லை. துவான் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை. பேசிய வார்த்தை வராந்தாவில் பரவி, மதியத்துக்குள் உணவகம் வரை போய்விட்டது. மரிசெலா அன்றைக்கு எனக்குச் சோறு வைத்தபோது முகத்தைப் பார்க்கவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்க வாய் வந்தது, தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். துவான் பேசியது எங்கள் மொழியில், அவள் கண்ணுக்கு நானும் அந்த மொழிதான்.

ஏப்ரலில் எங்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் கல்லூரிச் சந்தை நடந்தது. ஒவ்வொரு கல்லூரியும் மேஜை போட்டு, கொடி கட்டி, மிட்டாய் வைத்து உட்காருவார்கள். அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தின் மேஜையில் ரெஜினால்ட் ஃபங் என்ற வக்கீல் இருந்தார். சீன வம்சம், இங்கேயே பிறந்தவர், அங்கே படித்தவர். விண்ணப்பிக்கிற பிள்ளைகளைச் சம்பளமில்லாமல் நேர்காணல் செய்து அபிப்பிராயம் எழுதி அனுப்புகிறவர் அவர்தான். ஹானையும் இர்வைனில் ஒரு காபிக் கடையில் சந்தித்திருந்தார். அவள் திரும்பி வந்து, சார், அவரைச் சிரிக்க வைச்சிட்டேன் என்று பீற்றிக்கொண்டது எனக்கே நினைவிருக்கிறது.

நான் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அண்ணன் கைகுலுக்கிவிட்டு, எங்கள் ஹான் எப்படிப் பேசினாள், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமே என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நல்ல பொண்ணு," என்றார் ஃபங். "ரொம்ப உழைப்பாளி. கொஞ்சம் அமைதி. அதுதான் பிரச்சனை, தப்பா நினைக்காதீங்க. நானும் அப்படி வளர்ந்தவன்தான்."

"அமைதியா? ஹானா?"

"ஆமா, ஹானாதான். வயலின் பத்தியே பேசிட்டிருந்தா."

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எங்க ஹான் வயலினைத் தொட்டதே கிடையாது. கரோக்கே பெட்டி ரிப்பேர் பண்ற பொண்ணு."

ஃபங் யோசித்தார். கரோக்கே என்றதும் முகம் மாறியது. ஆமாம், அப்படி ஒரு பெண் வந்தாள், சத்தமாகச் சிரித்தாள் என்றார். அதே நாளில் நான்கு நுயென்களைப் பார்த்தாராம். ஒருத்தி இர்வைனைச் சேர்ந்த ஹானா நுயென், அவளுக்குத்தான் வயலின். குறிப்புகளை அந்த வார இறுதியில் உட்கார்ந்து எழுதினாராம். எதை எந்தப் பெயருக்குக் கீழே எழுதினோம் என்று இப்போது அவரால் சத்தியம் செய்ய முடியாது.

"சார், நீங்க ஒரு சீனர்," என்றார் அண்ணன். குரல் ஏறவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நம்ம எல்லாருக்கும் ஒரே மூஞ்சின்னு வெள்ளைக்காரன் சொன்னா உங்களுக்குக் கோபம் வருமா வராதா?"

ஃபங் சிவந்துபோனார். கெட்டவர் இல்லை. உடனே பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுகிறேன் என்றார், எழுதவும் எழுதினார். அண்ணன் தன் பங்குக்குத் தொலைபேசியில் பேசினார். நேர்காணல் ஒரு சிறு பகுதிதான், பிள்ளையை முழுமையாகப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறோம், முடிவை மறுபடி திறப்பதில்லை என்று இனிமையான குரலில் ஒரு பெண் சொன்னாளாம். முழுமையாகப் பார்த்தீர்களே, எந்த ஹானை என்று இவர் கேட்டிருக்கிறார். உங்கள் அக்கறைக்கு நன்றி என்றாளாம்.

இந்த மாறாட்டத்தால்தான் இடம் போனதா, மாறாவிட்டாலும் போயிருக்குமா, யாருக்கும் தெரியாது. அண்ணனைப் பிடித்து ஆட்டியது அதுதான். யாராவது திருடியிருந்தால் திருடன் என்று சொல்லலாம். இங்கே கதவைத் தட்டினால் இனிமையான குரல்தான் வருகிறது.

ஹானைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். அவள் முதலில் அறையே அதிரச் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு, அப்பாவிடம் சொல்லாதீங்க சார் என்று கேட்டாள். இத்தனை வருஷம் மீன் நாற்றத்தோடு நின்று படிக்கவைத்த மனிதர், தன் பெண் யாரென்றே தெரியாமல் ஒதுக்கிவிட்டார்கள் என்று கேட்டால் தாங்கமாட்டார் என்றாள். அண்ணன் வாக்குக் கொடுத்தார்.

அந்த நேரத்தில் ஊரெல்லாம் அதே பேச்சு. சேர்க்கையில் இனத்தைப் பார்க்கலாமா கூடாதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிகிற கட்டம். வீட்டு மனை வியாபாரி த்ரியூ என்பவர், கல்யாணங்கள் நடக்கிற ஒரு பெரிய உணவகத்தில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று ஞாயிறு மதியம் பெற்றோர் கூட்டம் போட்டார். மேடையில் பேச அவர் பிடித்துவைத்திருந்த ஆள் துவான். அண்ணனும் போனார். ஏன் போனாய் என்று அவர் மனைவி டியெப் இன்றைக்கும் கேட்கிறாள். நானும் என் கணவரும் ஸ்பிரிங் ரோல் தின்றுகொண்டு பின் வரிசையில் இருந்தோம். ஹான் அம்மாவோடு முன் வரிசையில், தலையைக் குனிந்தபடி.

துவானுக்குப் பேச்சு வராது. ஒலிவாங்கியை மீன் கத்தி மாதிரி பிடித்திருந்தார். தன் பெண்ணின் மதிப்பெண்ணைச் சொன்னார். பிறகு இட்செல் பெயரைச் சொன்னார், முழுப் பெயர். அந்தப் பெண்ணின் அம்மா பள்ளியில் சோறு போடுகிறவள் என்றும் சொன்னார். சபையில் உச்சுக்கொட்டினார்கள்.

அண்ணன் எழுந்து நின்றார். ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கவில்லை, கணக்கு வாத்தியார் குரலே போதும்.

"அந்தப் பொண்ணு பேரை விடுங்க, துவான். அது உங்க வீட்டுல சாப்பிட்ட பொண்ணு."

த்ரியூ, சார் உட்காருங்க, உங்களுக்கும் நேரம் தர்றோம் என்றார். அண்ணன் உட்காரவில்லை. நேர்காணலில் நடந்ததை அங்கேயே, அத்தனை பேர் முன்னால், ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் முன் வரிசையைப் பார்த்தார். ஹான் தலை நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

த்ரியூவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதைத்தான் நாங்களும் சொல்கிறோம், ஆசியப் பிள்ளைகளின் குணத்துக்கு மட்டும் குறைத்து மதிப்பெண் போடுகிறார்கள், நீங்கள் எங்களுக்காகப் பேட்டி கொடுக்க வேண்டும் என்றார்.

"குறைச்சுப் போடறாங்கன்னுதான் நானும் நம்பறேன்," என்றார் அண்ணன். "பார்க்காத பிள்ளைக்கு அமைதி, அடக்கம்னு எழுதறாங்க. எனக்கும் வயிறு எரியுது. ஆனா இதுல இட்செல் எங்கே வந்தா? அப்பன் படிச்ச காலேஜுன்னு மகனை எடுக்கறாங்க. கட்டடம் கட்டிக் கொடுத்தவன் பேரனை எடுக்கறாங்க. படகு வலிக்கத் தெரிஞ்சவனைக்கூட எடுக்கறாங்க. அவங்க பேரை ஏன் மேடையில சொல்லலை? சோறு போடறவ மக பேருதான் வாயில வருதா?"

யாரோ கை தட்டினார்கள், யாரோ வெளியே போ என்றார்கள். துவான் ஒலிவாங்கியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறை வழியாக வெளியே போய்விட்டார். ஹானும் அம்மாவும் பின்னாலேயே போனார்கள்.

மறுநாள் ஹான் அண்ணன் அறை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"சொல்லமாட்டேன்னீங்க."

"அவரு அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிட்டாரு, ஹான்."

"அதை நான் பார்த்துக்கறேன்னு இருந்தேன். நீங்க யாரு சார்? எங்கப்பா ராத்திரியிலேருந்து பேசலை."

அதற்கப்புறம் பட்டமளிப்பு வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மேடையில் எல்லா ஆசிரியருக்கும் கைகொடுத்தாள், அவரைத் தாண்டிப் போனாள். அவர் நீட்டிய கையைப் பக்கத்துப் பையனுக்குத் திருப்பிக்கொண்டார்.

இட்செலோடும் சரியில்லை. அந்தக் கோடையில் முன்பே ஒப்புக்கொண்ட கல்யாணங்கள் இருந்தன, இரண்டு பேரும் ஒரே வண்டியில் போனார்கள், வாய் பேசாமல் கம்பி இழுத்தார்கள். மறுபடி முகம் கொடுத்துப் பேச ஆரம்பித்த பிறகு மரிசெலாதான் எனக்குச் சொன்னாள். கடைசியில் ஒரு நாள் இட்செல்தான் பேச்சை எடுத்தாளாம்: உங்கப்பா என் பேரைச் சொல்ற வரைக்கும் நீ சும்மாதானே இருந்தே. ஆமாம் என்றாளாம் ஹான். அவ்வளவுதான். அடுத்த கல்யாணத்துக்கு இட்செல் சாவியைக் கொடுக்க, ஹான்தான் வண்டி ஓட்டினாளாம்.

த்ரியூ ஆட்கள் அண்ணனைத் துரோகி என்றார்கள். இனத்தைப் பார்க்கத்தான் வேண்டும் என்கிற மறுபக்கத்து ஆட்கள் விடுவார்களா, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு இளைஞர் அமைப்பு அவரைக் கொண்டாடி மேடைக்குக் கூப்பிட்டது. போனார். ஆசியப் பெற்றோர் புகார் எல்லாம் வெறும் பேராசை என்று அங்கே ஒருவர் விளக்கினார். மீன் வெட்டுகிறவருக்கு என்ன பேராசை, தன் பெண்ணை அவள் பெயரில் பார்க்கச் சொன்னால் அது பேராசையா, காகிதத்தில் ஆசியர் என்று ஒரே கட்டம் போட்டு டாக்டர் மகனையும் மீன்காரர் மகளையும் அதில் அடைத்தது யார் என்று இவர் கேட்டிருக்கிறார்.  அதோடு அவர்களும் கூப்பிடவில்லை. அண்ணன் திரும்பி வந்து, "ரெண்டு பக்கமும் சாப்பாடு மட்டும் நல்லா இருந்தது" என்றார்.

ஜூனில் தீர்ப்பு வந்தது. இனத்தைப் பார்க்கக் கூடாது. போல்சா சாலையில் காபிக் கடைகளில் எல்லாம் அதே பேச்சு, ஒருவர் எனக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்தார். துவான் அதற்குள் அண்ணனோடு ஒருவாறு சமாதானமாகியிருந்தார். மன்னிப்பு என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. மீன் வாங்கப் போன அண்ணனுக்கு நல்ல துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். அடுத்து காய் என்ற அவர் மகன் விண்ணப்பிக்கிற முறை. இனிமேல் நியாயம்தானே சார் என்று கேட்டார். பார்க்கலாம் என்றார் அண்ணன்.

இர்வைன் ஆலோசனைக் கடைக்காரர்கள் தீர்ப்புக்கு அடுத்த மாதமே பாட்டை மாற்றிவிட்டார்கள். கட்டுரையில் பிள்ளை தன் இனத்தைப் பற்றி எழுதினால் படிக்கலாம் என்று தீர்ப்பில் இருக்கிறதாம், அதனால் தாத்தா படகைத் திரும்பக் கொண்டுவா என்றார்கள். அண்ணன் இதைக் கேட்டுவிட்டு மேஜைமேல் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அடுத்த மார்ச்சில் துவான் மகனுக்கும் அதே பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை என்று வந்தது. அந்த வருஷம் எங்கள் பள்ளியிலிருந்து வியட்நாம் பிள்ளை, மெக்ஸிக்கப் பிள்ளை ஒருவரையும் அவர்கள் எடுக்கவில்லை. துவான் மறுபடியும் அதே பூட்ஸோடு வந்தார். இந்த முறை உட்கார்ந்தார்.

"இப்போ யாரு சார் எடுத்தாங்க?"

"தெரியாது, துவான்."

"யாரையாவது சொல்லுங்க சார். வீட்டுல அவன் அம்மாவுக்கு நான் என்ன சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லுங்க. எனக்கும் அதுதான் தெரியும்."

 அண்ணன் பையனின் மற்ற விண்ணப்பங்களைத் திரையில் திறந்தார். நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் இனத்தைப் பார்ப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிறது, அதில் ஒன்றில்தான் ஹானும் மின்னியல் படிக்கிறாள். தம்பிக்கும் அங்கே இடம் இருந்தது. ஆனால் துவான் திரையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹான் இரண்டு வருஷம் கழித்துத்தான் தொலைபேசியில் வந்தாள். நான்தான் எடுத்து இணைப்புக் கொடுத்தேன். கோடைக்கால வேலை ஒன்றுக்கு யாராவது அவளைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"சார், எனக்கு இன்னும் கோபம் போகலை. அதைத் தெரிஞ்சுக்குங்க."

"சரி."

"லெட்டர் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"சரி. இப்போ என்ன பண்றே, யாரோட சண்டை போடறே, எல்லாத்தையும் சொல்லு. தெரியாம எழுதமாட்டேன்."

அவள் ஆரம்பித்தாள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். மூடின கதவு வழியாகவும் கேட்டது. மதியச் சாப்பாட்டு மணி அடித்து, பிள்ளைகள் ஓடி, மரிசெலா என்னைத் தேடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், உள்ளே அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள், அண்ணன் நடுநடுவே, மெதுவா, மெதுவா, அந்தப் பேரை எப்படி எழுதறது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

டியெப் அவரை ஓய்வு பெறச் சொல்லி நச்சரிக்கிறாள். இந்த வருஷமும் அவர் கேட்கவில்லை. செப்டம்பர் பிறந்துவிட்டது, இன்று காலை ஒரு அம்மா வந்து, பையன் பெயரை நுயெனிலிருந்து வெள்ளைக்காரப் பெயராக நியூமன் என்று மாற்றிவிட்டால் விண்ணப்பத்துக்கு உபயோகமா என்று கேட்டாள். அண்ணன் அவளை உட்காரச் சொன்னார். முதலில் பையனை அனுப்புங்கள், அவனிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றார்.